சூபாக்கா செத்தாரா, இல்லையா?

கடலூரில் கல்லூரி படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் மூன்று பழைய ஸ்டார் வார்ஸ் நாவல்கள் வாங்கினேன். ஒன்றில் சூபாக்கா செத்துப்போகிறார். ஆனால் 2015-ல் வந்த படத்தில் உயிரோடு இருக்கிறார். விசாரித்தால் அந்த நாவல்கள் எல்லாம் இப்போது செல்லாது என்கிறார்கள். எழுதுகிறவர்களுக்கு முன்கதை தெரியாதா? செல்லாது என்றால் நான் படித்தது எதற்கு? இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள்?"

படம் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: ஸ்டார் வார்ஸ் என்பது ஹாலிவுட்டின் விண்வெளிப் பட வரிசை, சூபாக்கா அதில் விண்கலம் ஓட்டும் ஹான் சோலோவின் உடம்பெல்லாம் முடி வளர்ந்த கூட்டாளி. தம்பி, எழுதியவருக்கு முன்கதை நன்றாகவே தெரியும். தெரியாமல் போனது பின்கதை. ஒரு படத்தையோ டிவி தொடரையோ ஒட்டி எழுதப்படும் இந்த 'டை-இன்' நாவல்களை எழுதுகிறவர் வாடகைக்குக் குடியிருப்பவர் மாதிரி. வீடு அவருடையது இல்லை. ஆணி அடிக்கலாம், பெயின்ட் அடிக்கலாம், வாசலில் செம்பருத்தி வைக்கலாம். சுவரை இடிக்க வேண்டுமென்றால் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். நாளைக்கு வீட்டுக்காரரே மாடி எழுப்ப வந்தால் செம்பருத்தியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் எழுப்புவார். உங்கள் நாவலின் காப்புரிமைப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், அட்டையில் எழுத்தாளர் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் உரிமை படத்தை எடுத்த லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கும்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். எழுத்தாளர் முதலில் கதைச் சுருக்கம் ஒன்றை எழுதிக் கொடுப்பார். பதிப்பகத்தின் எடிட்டர் பார்ப்பார், பிறகு உரிமையாளர் நிறுவனத்தின் ஆட்கள் பார்ப்பார்கள். இந்த ஆளைக் கொல்லக் கூடாது, இந்தக் கிரகத்தைத் தொடக் கூடாது என்று குறிப்புகள் வரும். ஒப்புக்கொண்ட பிறகு முழு நாவல், மறுபடியும் அதே சுற்று. அச்சாகி வெளியே வர மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் படத்தில் ஒரு காட்சியை வெட்டியிருப்பார்கள், ஒரு பெயரை மாற்றியிருப்பார்கள்.

முதல் ஸ்டார் வார்ஸ் படமே நல்ல உதாரணம். படம் வந்தது 1977 மே மாதம். அதன் நாவல் வடிவம் 1976 கடைசியிலேயே கடைக்கு வந்துவிட்டது. அட்டையில் படத்தின் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் பெயர், எழுதியது ஆலன் டீன் ஃபாஸ்டர். முடிந்த படத்தைப் பார்த்து எழுதியதில்லை, திரைக்கதையை வைத்து எழுதியது. அதனால் அந்த நாவலில் கலம் ஓட்டிப் போரிடும் கதாநாயகன் லூக்குக்கு அழைப்புப் பெயர் 'ப்ளூ ஃபைவ்'. படத்தில் 'ரெட் ஃபைவ்'. காரணம் ரொம்பச் சாதாரணம்: விண்கலங்களை நீலத் திரைக்கு முன்னால் வைத்துப் படம் பிடித்தார்கள். நீலப் பட்டை போட்ட கலம் அந்தத் திரையோடு கரைந்துபோகும். பட்டையைச் சிவப்பாக்கினார்கள், படையின் பெயரும் சிவப்பாகிவிட்டது. புத்தகம் நீலமாகவே நின்றுவிட்டது. இதில் ஃபாஸ்டரின் தப்பு என்ன இருக்கிறது?

அதே ஃபாஸ்டர் 1978-ல் இன்னொரு நாவல் எழுதினார், 'ஸ்ப்ளின்டர் ஆஃப் த மைண்ட்ஸ் ஐ'. முதல் படம் சுமாராக ஓடினால் குறைந்த செலவில் இரண்டாம் பாகம் எடுத்துவிடலாம் என்ற கணக்கில் எழுதப்பட்ட கதை. அதனால்தான் கதை முழுக்க மூடுபனி பிடித்த ஒரு கிரகத்தில் நடக்கும். பனி இருந்தால் செட்டுக்குச் செலவு இல்லை. ஹாரிசன் ஃபோர்டு அடுத்த படத்துக்கு அப்போது கையெழுத்துப் போட்டிருக்கவில்லை, ஆகவே அவர் நடித்த ஹான் சோலோ கதையிலேயே இல்லை. லூக்கும் இளவரசி லேயாவும் மட்டும் சுற்றுகிறார்கள், இருவருக்கும் நடுவே இளசுகளுக்கே உரிய ஒரு ஈர்ப்பும் இருக்கிறது. ஐந்து வருஷம் கழித்து, 1983-ல், இருவரும் அண்ணன் தங்கை என்று படத்தில் அறிவித்துவிட்டார்கள்! இன்று அந்த நாவலைப் படிப்பவர் சில பக்கங்களைக் கூச்சத்தோடு வேகமாகப் புரட்டுவார். 1978-ல் அது யாருக்கும் தெரியாது.

இப்போது சூபாக்கா. உங்கள் கையில் இருக்கும் 'வெக்டர் ப்ரைம்' 1999-ல் வந்தது, எழுதியவர் ஆர். ஏ. சால்வடோர். நாவல்களில் கதாநாயகர்களுக்கு ஒன்றுமே ஆகாது என்ற அலுப்பு வாசகருக்கு வந்துவிட்டது, யாரும் பத்திரமில்லை என்று உறைக்க வைக்க வேண்டும் என்பது அந்த வரிசையின் நோக்கம். ஒரு கிரகத்தின் மேல் அதன் சந்திரனே இறங்கி வருகிறது. ஹானின் மகன் அனாகின் கலத்தை ஓட்டுகிறான். மற்றவர்களைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல் சூபாக்காவை விட்டுவிட்டுக் கிளம்புகிறான். ஹான் மகனை அதற்காக மன்னிக்க முடியாமல் தவிக்கிறார். அந்தப் பகுதி நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. சால்வடோர் தன் இஷ்டத்துக்குக் கொல்லவும் இல்லை, வீட்டுக்காரர் சம்மதத்தோடுதான் கொன்றார்.

15 வருஷம் அந்தச் சாவு செல்லுபடியானது. 2012-ல் டிஸ்னி லூகாஸ்ஃபிலிமை வாங்கியது. 2014 ஏப்ரல் 25-ம் தேதி, அதுவரை வந்த நாவல்கள் இனி 'லெஜண்ட்ஸ்' என்ற பெயரில் தனியாக விற்கும், புதிய படங்கள் அவற்றுக்குக் கட்டுப்படாது என்று அறிவித்தார்கள். படம் எடுப்பவர்களுக்கு முழுச் சுதந்திரம் வேண்டும், ரசிகர்களுக்கு அடுத்து என்ன என்று தெரியக் கூடாது என்பது சொல்லப்பட்ட காரணம். யோசித்துப் பாருங்கள், படத்தில் சூபாக்கா ஏன் இல்லை என்று அந்த நாவலைப் படிக்காத கோடிக்கணக்கானவர்களுக்கு எப்படி விளக்குவது? சந்திரன் விழுந்து செத்துவிட்டார் என்று முன்னால் ஒரு கார்டு போடவா முடியும்? நம் ஊர் ஆட்களுக்கு 'செல்லாது' என்றதும் 2016 நவம்பர் ராத்திரி ஞாபகம் வரும். அந்த ஐந்நூறு ரூபாய் நோட்டை வைத்துக்கொண்டு டீ குடிக்க முடியவில்லை. இந்த நாவலை இன்றைக்கும் படிக்கலாம், அழலாம்.

சின்ன வயதில் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாத நாவல் ஒன்று அங்கே அச்சாகும். துப்பறியும் ஹீரோ ஒருவர், அவருக்கு இடது புருவத்தில் தழும்பு. நாலாவது இதழில் தழும்பு வலது பக்கம் போய்விட்டது. எழுதியவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது: "ஐயா, ஹீரோ புருவத்தை மாற்றி ஒட்டிக்கொண்டாரா?" எழுத்தாளர் சிரித்துவிட்டு, அடுத்த இதழின் முதல் அத்தியாயத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தார். ஹீரோ முகச்சவரம் செய்துகொண்டே, கண்ணாடியில் தன் தழும்பு எதிர்ப்பக்கம் தெரிவதைப் பார்த்து, "போன தடவை நீ என்னை ஏமாற்றிவிட்டாய்" என்று கண்ணாடியிடம் சொல்வார். பரங்கிப்பேட்டைக்காரர் மறுபடியும் கடிதம் போட்டார், இந்த முறை பாராட்டி.

உலகம் முழுக்க ரசிகர்கள் 'ரெட்கான்' என்று சொல்வது இதைத்தான். முன்னால் எழுதியதன் அர்த்தத்தைப் பின்னால் வரும் வரி மாற்றிவிடுவது. அன்றிலிருந்து நான் ஒரு லாங் சைஸ் நோட்டு போட்டேன். காயம், வண்டி நம்பர், உறவு முறை, செத்தவர்கள் என்று நாலு தலைப்பு. கடைசித் தலைப்பு ரொம்ப முக்கியம். ஒரு ஏட்டையாவை அந்த எழுத்தாளர் இரண்டு தடவை கொல்லப் பார்த்தார்.

அதே நோட்டுத்தான் லூகாஸ்ஃபிலிமிலும், அளவு மட்டும் பெரிது. 2000-ல் லேலண்ட் சீ என்பவர் 'ஹோலோகிரான்' என்ற தரவுத்தளத்தைக் கட்ட ஆரம்பித்தார். எந்தப் பாத்திரம், எந்தக் கிரகம், எந்தப் புத்தகம் என்று எல்லாம் அதில் ஏறியது. அதற்குள்ளேயே படிநிலையும் வைத்தார்கள். லூகாஸின் படம் சொன்னது உச்சியில், டிவி தொடர் அடுத்து, நாவலும் காமிக்ஸும் அதற்குக் கீழே. மேல்படி கீழ்ப்படியை மறுத்தால் மேல்படிதான் செல்லும். ஆக, 2014-க்கு முன்னாலும் நாவல்கள் சமமாக உட்கார்ந்திருக்கவில்லை. ரசிகர்கள் பலர் அப்படி நம்பிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

அதிகாரபூர்வமாகச் செல்லும் கதைகளைக் குறிக்க 'கேனன்' என்று எல்லோரும் புழங்கும் சொல் தேவாலயத்திலிருந்து வந்தது. பைபிளில் எந்த நூல்கள் சேர்த்தி என்பதற்கான சொல். அதைத் துப்பறியும் கதைக்கு 1911 வாக்கில் இழுத்து வந்தவர் ரொனால்ட் நாக்ஸ், அவரே பின்னால் பாதிரியார் ஆனவர். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை வேத நூலை ஆராய்வது மாதிரி ஆராய்ந்து வேடிக்கைக் கட்டுரை எழுதினார். வாட்சனுக்குத் துப்பாக்கிக் குண்டு பட்டது முதல் நாவலில் தோளில், இரண்டாவதில் காலில். எங்கள் அச்சக ஹீரோவின் புருவம் மாதிரிதான். கோனன் டாயில் கண்ணாடி வரி எதுவும் சேர்க்கவில்லை. நூறு வருஷத்துக்கு மேலாக ரசிகர்கள் அவருக்காகச் சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள்: குண்டு தோளில் பட்டுத் தெறித்து காலில் பாய்ந்தது, குனிந்திருந்தபோது பட்டது என்றெல்லாம். எனக்கு இந்த விளக்கங்கள் கதையை விடப் பிடிக்கும் சில நாள்.

எல்லா வீட்டுக்காரர்களும் ஒரே மாதிரி இல்லை. ஸ்டார் ட்ரெக் என்ற இன்னொரு விண்வெளித் தொடரில் சட்டம் சுருக்கம்: திரையில் வந்தது மட்டுமே நடந்தது. நாவல் ஒன்றுகூடக் கணக்கில் இல்லை. ஆனால் கீழே இருந்து மேலே ஏறியவை உண்டு. சுலு என்ற பாத்திரத்துக்குத் தொடரில் முதல் பெயரே கிடையாது. வோண்டா மெக்கின்டயர் 1981-ல் ஒரு நாவலில் 'ஹிகாரு' என்று பெயர் வைத்தார். பத்து வருஷம் கழித்து 1991-ல் வந்த ஆறாவது படத்தில் சுலுவே தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டார். குடியிருந்தவர் வைத்த செம்பருத்தியை வீட்டுக்காரர் தன்னுடையது என்று எடுத்துக்கொண்ட மாதிரி.

ஸ்டார் வார்ஸிலும் அப்படித்தான். உங்களிடம் இருக்கும் 'ஏர் டு தி எம்பயர்', 1991, டிமோதி ஸான். தலைநகர்க் கிரகத்துக்கு 'கொரஸான்ட்' என்று பெயர் வைத்தது அவர். 1999-ல் லூகாஸ் அதே பெயரைப் படத்தில் வைத்துக்கொண்டார். அந்த நாவலின் நீலத்தோல் தளபதி த்ரான், 2014-ல் மற்றவர்களோடு சேர்ந்து வெளியே போனவர், 2016-ல் 'ரெபல்ஸ்' கார்ட்டூன் தொடர் வழியாக உள்ளே வந்தார், 2017-ல் ஸானே அவரைப் பற்றிப் புதிய நாவல் எழுதினார். போன ஆள் வேறு வழியாகத் திரும்புவது இந்தத் தொழிலில் சாதாரணம்.

டாக்டர் ஹூ என்ற காலப்பயண டிவி தொடரில் பிபிசி எது கேனன் என்று முடிவே சொன்னதில்லை. அதில் டாக்டர் ஒரே ஆள்தான், நடிகர் மாறும்போது ஏழாவது, எட்டாவது என்று எண் மாறும். பால் கார்னெல் 1995-ல் ஏழாவது டாக்டரை வைத்து எழுதிய 'ஹியூமன் நேச்சர்' நாவலை, 2007-ல் பத்தாவது டாக்டரை வைத்து அவரே டிவிக்கு எழுதினார். அப்படியானால் ஒரே சம்பவம் ஒருவருக்கு இரண்டு முறை நடந்ததா? காலத்தில் முன்னும் பின்னும் போகிற ஆள், நடந்தாலும் நடந்திருக்கும் என்று ரசிகர்கள் விட்டுவிட்டார்கள். எனக்கு இந்த ஏற்பாடுதான் பிடித்தது.

ஏலியன் என்ற விண்வெளித் திகில் பட வரிசையில் நடந்தது இன்னும் தமாஷ். இரண்டாம் படத்தில் தப்பிப் பிழைத்த ஹிக்ஸையும் நியூட் என்ற சிறுமியையும் வைத்துக் காமிக்ஸ் வந்தது. 1992-ல் மூன்றாவது படம் வந்தது, ஆரம்பத்திலேயே இருவரும் செத்துப்போனார்கள். பதிப்பகம் என்ன செய்தது தெரியுமா? அதே கதை, பெயரை மட்டும் வில்க்ஸ், பில்லி என்று மாற்றி மறுபதிப்பு. நாவலிலும் அந்தப் புதுப் பெயர்கள்தான். எங்கள் ஏட்டையாவை நாங்கள் காப்பாற்றியதும் இதே வித்தையில்தான், இரண்டாவது தடவை செத்தவர் அவருடைய தம்பி.

தன் சொந்த வீட்டிலேயே சுவரை இடித்தவரும் உண்டு. 1956-லிருந்து நம் கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில் வாழ்ந்த அறிவியல் கதை எழுத்தாளர் ஆர்தர் கிளார்க். அவருடைய '2001' நாவலில் விண்கலம் சனிக்குப் போகும். படத்தில் வியாழனோடு நிறுத்திக்கொண்டார்கள், சனியின் வளையங்களை நம்பும்படி காட்ட முடியவில்லை. 1982-ல் அடுத்த நாவலை எழுதியபோது கிளார்க் தன் நாவலை விட்டுவிட்டுப் படத்தின் வியாழனைப் பின்தொடர்ந்தார்.

நீங்கள் கேட்டதில் உள்ளுக்குள் ஒரு கோபம் இருக்கிறது, அதற்கு வருகிறேன். இந்தக் கோபம் எழுத்தாளர்களுக்கும் ரசிகர்களுக்கும் நடுவே நிஜச் சண்டையாகவே வந்திருக்கிறது. 2002-ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் குளோன் படையைப் பற்றி, அதாவது ஒரே ஆளை நகலெடுத்து வளர்த்த சிப்பாய்களைப் பற்றி, இரண்டு லட்சம் 'யூனிட்' தயார், இன்னும் பத்து லட்சம் வந்துகொண்டிருக்கிறது என்று ஒரு வசனம். யூனிட் என்றால் ஒரு சிப்பாயா, ஒரு படைப்பிரிவா? சிப்பாய்தான் என்ற கணக்கில் போன நாவலாசிரியர் கேரன் ட்ராவிஸ், மொத்தப் படை 30 லட்சம் என்று எழுதினார். லட்சக்கணக்கான உலகங்கள் உள்ள ஒரு கேலக்ஸியைக் காக்க 30 லட்சம் பேரா என்று ரசிகர்களில் ஒரு பகுதி கொதித்துப்போனது. உண்மையைச் சொன்னால், அவர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நம் இந்திய ராணுவமே பத்து லட்சத்துக்கு மேல்! ஆனால் அந்த நாவல்களில் அவர் மாண்டலோரியர் என்ற போர்க்குலத்துக்கு ஒரு மொழியே வளர்த்துக் கொடுத்திருந்தார், குடும்பம், தத்து, சாவுச் சடங்கு எல்லாம் வைத்திருந்தார். ரசிகர்கள் அந்த மொழியைக் கற்றுக்கொண்டு பேசினார்கள். அப்புறம் டிவி தொடரில் மாண்டலோரியர் உலகம் போரைக் கைவிட்ட உலகமாக வரப்போகிறது என்று ஆனது. ட்ராவிஸ் 2009-ல் விலகிக்கொண்டார்.

இங்கே இரண்டு விதத் தொடர்ச்சி இருக்கிறது, ரசிகர்கள் அடிக்கடி இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று கணக்கு: எத்தனை சிப்பாய், எந்தப் புருவம், சிவப்பா நீலமா. மற்றது குணம்: இந்த ஆள் இப்படிச் செய்வாரா? கணக்குப் பிசகினால் கண்ணாடி வரி போதும். குணம் பிசகினால் எந்த வரியும் போதாது.

நம் பக்கத்தில் திரௌபதை அம்மன் திருவிழாவில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. பகலில் பிரசங்கியார் வில்லி பாரதம் சொல்வார், ராத்திரி கூத்து. வியாசருக்கு 18 பருவம், வில்லிபுத்தூரார் பாடியது 10. கூத்தில் பவளக்கொடி வருவாள், அல்லி வருவாள், இரண்டு பேரும் வியாசரில் கிடையாது. கோயிலில் காவல் நிற்கிற போத்துராஜாவும் கிடையாது. கூட்டத்தில் ஒருவராவது எழுந்து, "இது மூலத்தில் இல்லையே" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு வருஷம், எங்கள் பக்கத்துக் கிராமத்தில், பதினெட்டாம் போருக்கு முந்தின ராத்திரியே திரௌபதை வேஷக்காரர் வெக்கை தாங்காமல் அவிழ்ந்த முடியை அள்ளிக் கொண்டை போட்டுக்கொண்டார். முன்வரிசையில் ஒரு பாட்டி கையை ஓங்கிவிட்டார்: "ஏ! துரியோதனன் இன்னும் சாகலை, அதுக்குள்ள எதுக்குடா முடியிற?" வேஷக்காரர் பதறிப்போய் அவிழ்த்துவிட்டார். பாட்டிக்குப் பவளக்கொடி பிரச்சினை இல்லை. சபதம் பிரச்சினை.

அதனால் சூபாக்கா விஷயத்தில் நான் இப்படிக் கேட்பேன்: அந்த நாவலில் அவர் சூபாக்காவாகச் செத்தாரா? ஹான் தன் நண்பனை இழந்த ஹானாக உடைந்தாரா? ஆம் என்றால் உங்கள் நேரம் வீண் போகவில்லை. 2015 படத்தில் வேறு காலக்கோட்டில் ஒரு சூபாக்கா இருக்கட்டும்.

வீண் போகுமோ என்ற பயம் எழுத்தாளர்களுக்கும் உண்டு. ஸ்டார் ட்ரெக் நாவல்கள் 2001-லிருந்து ஒன்றோடு ஒன்று இணைந்த ஒரே நீண்ட கதையாக வளர்ந்தன. தொடர் டிவியில் முடிந்துவிட்டது, யாரும் மறுக்க வரமாட்டார்கள் என்ற தைரியத்தில் கல்யாணம், குழந்தை, சாவு எல்லாம் வைத்தார்கள். 2020-ல் பழைய தொடரின் கேப்டன் பிக்கார்ட் பெயரில் புதுத் தொடர் வந்தது, நாவல்கள் சொன்ன இருபது வருஷம் பொருந்தாமல் போனது. சத்தமில்லாமல் விட்டுவிட்டுப் போயிருக்கலாம். டேட்டன் வார்ட், ஜேம்ஸ் ஸ்வாலோ, டேவிட் மாக் மூன்று பேரும் 2021-ல் 'கோடா' என்று மூன்று நாவல் எழுதி அந்தக் காலக்கோட்டை அவர்களே முடித்துவைத்தார்கள். நம் ஆட்கள் தங்கள் உலகத்தையே பலி கொடுக்கிறார்கள், அப்போதுதான் மற்ற உலகங்கள் பிழைக்கும் என்பது கதை. வாடகை வீட்டைக் காலி செய்யும்போது கூட்டிப் பெருக்கி, வாசலில் ஒரு கோலம் போட்டுவிட்டுப் போனார்கள். ரசிகர்களில் பாதிப் பேருக்கு அதுவும் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

கடைசியாக நடைமுறைக்கு ஒன்று. பிளாட்பாரத்தில் ஸ்டார் வார்ஸ் நாவல் வாங்கும்போது முதலில் பதிப்பு வருஷம் பாருங்கள். 2014-க்குப் பிறகு அச்சான பழைய நாவல்களில் அட்டையில் 'லெஜண்ட்ஸ்' என்று போட்டிருப்பார்கள், அதற்கு முன் அச்சானதில் இருக்காது, ஆனால் சங்கதி ஒன்றுதான். அப்புறம், நீங்கள் வாங்கிய மூன்றில் 'ஏர் டு தி எம்பயர்' முதல் பாகம், 'தி லாஸ்ட் கமாண்ட்' மூன்றாம் பாகம். நடுவில் 'டார்க் ஃபோர்ஸ் ரைசிங்' விட்டுப்போயிருக்கிறது, இரண்டாவதைப் படிக்காமல் மூன்றாவதைத் தொடாதீர்கள். என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. முதுகு பிய்ந்து பிரவுன் டேப் ஒட்டியது, 112-ம் பக்கத்தில் யாரோ டீ கொட்டியிருக்கிறார்கள். நான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மஞ்சக்குப்பம் பக்கம் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், 'வெக்டர் ப்ரைமை' எனக்குக் கொண்டு வாருங்கள், என் பிரதியை யாரோ எடுத்துப்போய்ப் பத்து வருஷம் ஆகிறது.